தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளை

கல்யாணமாகிப் பன்னிரண்டு நாளும் வைஷ்ணவி விடிவதற்குள் எழுந்து தலைக்குக் குளித்தாள். குளிக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால், அறைக்கதவைத் திறந்துகொண்டு வரும் புதுப்பெண்ணின் கூந்தல் ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே அந்த வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் டீ டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஈரத்தைக் கண்டதும் ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடிப்பாள். மாமியார் பிச்சையம்மாள் மட்டும் எதையும் கவனிக்காதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பாலில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டு நீட்டுவாள்.

உள்ளே நடந்ததெல்லாம் பேச்சு மட்டும்தான். மாப்பிள்ளை சந்தோஷ்குமார் கத்தாரில் ஏசி மெக்கானிக். அவசர லீவில் வந்து தாலி கட்டியவன். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ செருமுகிறார்கள், யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள். இந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பக்கத்து சீட் கிடைத்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "ஒனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாத்துக்கலாம்" என்றான் அவன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா காலையில தலைக்குக் குளிச்சிரு. இல்லாட்டி எங்க சின்னம்மா பஞ்சாயத்தக் கூட்டிரும்" என்றான். அந்தப் பொய்யில் கூட்டாளியானபோதுதான் அவனை அவளுக்கு முதன்முதலாகப் பிடித்தது.

பதின்மூன்றாம் நாள் அவன் விமானம் ஏறிவிட்டான். பிறகு ஐந்து மாதம் போன்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பித்த பேச்சு, மூன்றாம் மாதத்தில், பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போனை வெறுமனே காதில் வைத்துக்கொண்டிருப்பதில் வந்து நின்றது. அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கையில் வைஷ்ணவிக்கு உள்ளங்கை வியர்க்கும். இது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊரே கூடி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியபோது வராதது, கடலுக்கு அந்தப் பக்கம் போனபிறகு வருகிறதே. அவள் எதையும் விட்டுவிடுகிற ரகமில்லை. சின்ன வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்து அடி வாங்கியவள்.

அவனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற நீண்ட லீவு வந்தது. இருபத்தெட்டு நாள். எந்த இருபத்தெட்டு நாள் என்பதை முடிவுசெய்தது கம்பெனி. அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஆடி மாதம் என்று ஒன்று இருப்பது தெரியாது. ஆடி மூன்றாம் தேதி இறங்கி முப்பதாம் தேதி ஏற வேண்டும்.

தலை ஆடி. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடி முழுக்க ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ஆடி பிறப்பதற்கு முந்தின நாளே கீரமங்கலத்திலிருந்து அம்மா அழகம்மாள் பூவும் பழமும் புதுத்துணியுமாக வந்து வைஷ்ணவியை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். "அவரு வாராரேம்மா" என்று பஸ்ஸில் வைஷ்ணவி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். "வரட்டும். அடுத்த லீவுக்கும் வருவாருல்ல" என்றாள் அம்மா. அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் ஆகும் என்பதை அழகம்மாள், அடுத்த பஸ் ஐந்து நிமிடத்தில் வரும் என்பது போலச் சொன்னதுதான் வைஷ்ணவிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஏன் கூடாது என்று அவள் எல்லாரையும் கேட்டாள். ஆடியில் தரித்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை அப்பன் வீட்டுக்கு ஆகாது என்றாள் அம்மா. அக்கினி நட்சத்திர வெயிலில் பிரசவம் கஷ்டம், பழைய காலத்தில் கரண்ட் ஏது என்றாள் கூட வேலை பார்க்கிற சொர்ணம். விதைக்கிற மாதத்தில் ஆம்பிளை வயலை விட்டுவிட்டு வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பான், அதற்காகத்தான் என்றார் அப்பா அய்யப்பன். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். ஆளுக்கு ஒரு காரணம். ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஆனால், பெண்ணை அனுப்பக் கூடாது என்பதில் மட்டும் மூன்று பேரும் ஒரே கட்சி.

வைஷ்ணவிக்கு வேலை இலுப்பூரில், ஒரு இ-சேவை மையத்தில். ஆதார் திருத்தம், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று நாள் முழுக்க ஊராரின் பெயரையும் தேதியையும் தட்டிக்கொண்டிருப்பாள். ஒரு மாத லீவெல்லாம் கிடையாது என்று மையத்துக்காரர் சொல்லிவிட்டதால், கீரமங்கலத்தில் ஒரு பஸ், புதுக்கோட்டையில் இன்னொரு பஸ் என்று தினமும் வந்துபோனாள். மாமியார் வீடு மையத்திலிருந்து நாலு கிலோமீட்டர், கொடும்பாளூர் போகிற பாதையில். அங்கே அவள் புருஷன் வெறுமனே உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் இங்கே யாரோ ஒருவருடைய புருஷன் பெயரில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருக்கிறாள்.

பிச்சையம்மாள் கல்நெஞ்சுக்காரி இல்லை. மருமகள் வாசல்படி மிதிக்கக் கூடாதே தவிர, அவள் வயிறு காயக் கூடாது. தினமும் பகல் பன்னிரண்டரைக்கு மாமனார் குழந்தைசாமி, டிவிஎஸ் வண்டியில் பழைய எவர்சில்வர் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு மையத்துக்கு வந்துவிடுவார். "சாப்பிடு தாயி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

முதல் வாரம் சந்தோஷ்குமார் டோக்கன் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். மூன்று நாளில் இரண்டு தடவை வருமானச் சான்றிதழுக்கு விசாரித்தான். "சார், அதே சான்றிதழ நேத்தும் கேட்டீங்க" என்று அவள் சிரிக்காமல் சொல்வாள். "நேத்து சரியா வெளங்கல மேடம்" என்பான். பின்னால் வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், "தம்பி, மத்தவங்களுக்கும் வேலை இருக்குப்பா" என்று கத்தினார். உண்மையிலேயே அவனுக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. மனைவியை அழைத்துக்கொள்ள விசா போட வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்று கம்பெனி கேட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிறந்த தேதி இரண்டு ஆறு தொண்ணூற்றைந்து. வைஷ்ணவி அதைத் தாலுகா ஆபீஸுக்கு எழுதிப் போட்டாள்.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவன் பைக்கில் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போனாள். வெயில் நேரம், ஆளே இல்லை. கோயில் நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ ஸ்பேர் பார்ட்ஸ் சரிபார்க்கிற மாதிரி. காவலாளி விசிலை ஊதிக்கொண்டே வந்தார். "இங்க லவ்வர்ஸெல்லாம் ஒக்காரக் கூடாது. வீட்டுல சொல்லிட்டா வந்தீங்க?"

தாலியை எடுத்துக் காட்டியிருந்தால் ஒரு வினாடியில் முடிந்திருக்கும். வைஷ்ணவியின் கை கழுத்துக்குப் போகவும் செய்தது. போன கை தாலிக்கயிற்றை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு வந்தது. "கெளம்பிட்டோம்ணே" என்றான் சந்தோஷ்குமார். பைக்கில் அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விராலிமலை ரோடு வரை சிரித்தாள். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இந்த ஆசை என்னுடையதா, ஆடி மாதத்துடையதா? நாளைக்கே எல்லாரும் 'போம்மா, போய் இருந்துக்க' என்று கதவைத் திறந்துவிட்டால் பழையபடி பஸ் சீட் மாதிரி ஆகிவிடுமோ? அவனிடமே கேட்டாள். வண்டியை மெதுவாக்கி யோசித்தான். "தெரியல. ஆனா எனக்கு இப்ப ஒன்னத் தவிர வேற எதுவும் ஓடல" என்றான். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாகவும் இருந்தது, போதாமலும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆதார் முகாம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டையில் இறங்கினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். மேனேஜர் இருவரின் ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். வைஷ்ணவியின் அட்டையில் அப்பா அய்யப்பன், ஊர் கீரமங்கலம். ஊரில் அத்தனை மருமகள்களுக்கும் விலாசம் மாற்றிக் கொடுத்தவள் தன் அட்டையை மாற்ற மறந்துபோயிருந்தாள்.

"கல்யாணமாகாதவங்களுக்கு ரூம் தர்றதில்ல தம்பி" என்றார் மேனேஜர்.

சந்தோஷ்குமார் அவசரமாகப் போனை எடுத்துக் கல்யாணப் படங்களைக் காட்டினான். தாலி கட்டுவது, மாலை மாற்றுவது, மேடையில் சொந்தபந்தம் எல்லாம். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தேதியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மாசி மாசக் கல்யாணமா? அப்ப இது தலை ஆடியில்ல?"

சந்தோஷ்குமார் போனை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"நான் ஆலங்குடிப் பக்கந்தான்ப்பா. நாளைக்கு ஒங்க வீட்டு ஆளுங்க வந்து, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு கேட்டா நான் எங்கிட்டுப் போவேன்? ஆவணி ஒண்ணாந்தேதி வாங்க. ஏசி ரூம்பே தாரேன்."

படியிறங்கும்போது வைஷ்ணவிக்குச் சிரிப்பு வந்தது. கீழே இறங்கியதும் அழுகையாகிவிட்டது. கல்யாணமாகவில்லை என்று ஒரு முறை, கல்யாணமாகிவிட்டது என்று ஒரு முறை, ஒரே கவுண்டரில் இரண்டு தடவை துரத்தப்பட்ட ஜோடி ஜில்லாவிலேயே தாங்கள்தான் இருக்கும் என்று நினைத்தாள். இன்னும் இரண்டே வாரம். அப்புறம் மறுபடி போன். சந்தோஷ்குமாருக்கு அவளைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை. ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான்.

ஆடி பதினாறாம் தேதி மத்தியானம் தாலுகா ஆபீஸ் பதிவறையில் வேலை பார்க்கிற ராக்கன் அண்ணன் ஒரு நகலைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். வைஷ்ணவி அப்போதுதான் டிபன் கேரியரைத் திறந்திருந்தாள். கத்திரிக்காய்க் குழம்பு, தயிர்சாதம்.

"ஜூன்ல தேடுனேன், இல்லம்மா. அப்பா பேரு, அம்மா பேரு வச்சுப் பின்னாடி தள்ளிப் போய்ப் பாத்தா ஏப்ரல்ல இருக்கு. அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஜூன்தான் போட்டாங்க, தெரியுமுல்ல?"

தெரியும். அவள் தட்டிய தேதிகளில் பாதி அப்படித்தான். ஆனால், இருபத்தொன்பது நாலு தொண்ணூற்றைந்து என்ற தேதியைப் பார்த்ததும் அவள் கை தானாகத் தமிழ் மாதத்தைக் கணக்குப் போட்டது. நடுச் சித்திரை. ஒன்பது மாதத்துக்கு மேல் சில நாள் பின்னால் எண்ணினாள். ஆடி. மறுபடி எண்ணினாள். ஆடியேதான். அப்போது கண் டிபன் கேரியரின் அடித்தட்டில் போய் நின்றது. தினமும் பார்க்கிற எழுத்து, ஒருநாளும் படித்ததில்லை: குழந்தைசாமி – பிச்சையம்மாள் திருமணம் 10.6.94.

அவர்களுக்கும் தலை ஆடிதான்.

சாதத்தைப் பிசைந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்டபோது, "எங்க பக்கம் எழுதுற பழக்கமில்ல, பேர வச்சுப் பொருத்தம் பாருங்க" என்று பிச்சையம்மாள் அடித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபமில்லை. அந்த மனுஷியிடம் கேட்க வேண்டும் என்ற அரிப்பு.

கேரியரைக் கழுவிக்கொண்டு, நகலை மடித்து உள்ளே வைத்து, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். நல்லவேளை, அப்பாவும் மகனும் உரம் வாங்கப் போயிருந்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பிச்சையம்மாள் பதறிப்போனாள்.

"ஆத்தி, நீ ஏன் இங்கிட்டு வந்த? வாசலோட நில்லு. உள்ள வராத."

"உள்ள வரல அத்தை. கேரியரக் குடுக்க வந்தேன்."

பிச்சையம்மாள் கேரியரைத் திறந்தாள். எட்டாவது வரை படித்தவள். தேதியைப் படிக்கத் தெரியும். காகிதம் நனைந்துவிடாமல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றே படித்தாள். பிறகு தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல அத்தை. சண்டை போடவும் வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பயமா இருந்துச்சா, ஆசையா இருந்துச்சா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் பிச்சையம்மாளிடம் கேட்டதில்லை. திட்டத்தான் வாயெடுத்தாள். மருமகளின் முகத்தில் கேலி இல்லை, தெரிந்துகொள்கிற பசி மட்டும்தான் இருந்தது.

"ரெண்டும்" என்றாள்.

கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கல்யாணமாகி ஒரு மாதத்துக்கு மேல் இந்த வீட்டில் இருந்தாளாம். ஒரே ஒரு அறை, மூன்று கொழுந்தன், இரண்டு நாத்தனார். புருஷன் முகத்தைச் சரியாக நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆடி வந்ததும் அண்ணன் வந்து நார்த்தாமலைக்கு அழைத்துப் போய்விட்டார். "அங்க போன பெறகுதான் இவரு மொகம் எப்பிடி இருக்கும்னு யோசிக்க ஆரம்பிச்சேன். ஆடி இருபதுல அங்க எல்லாரும் கோயிலுக்குக் கூழ் ஊத்தப் போயிட்டாங்க. இவரு சைக்கிள்ல வந்து நிக்கிறாரு. என்னங்கன்னு கேட்டா, கலப்பை ஒண்ணு இரவல் கேக்க வந்தேங்கிறாரு. வீட்டுல ரெண்டு கலப்பை வச்சிருக்க மனுசன்." பிச்சையம்மாளின் உதடு கோணியது. சிரிப்பு வரும்போதே கண்ணும் நிறைந்துவிட்டது.

"அதுக்கு நான் பட்டது கொஞ்சமா? அங்கயே பெத்து, ஒரு மாசம் புள்ளைய வெளிய காட்டாம வச்சிருந்து, வைகாசியில பொறந்தான்னு சொன்னோம். இன்னைக்கு வரைக்கும் அவனுக்குக் காய்ச்சல் வந்தா எனக்கு அந்த ஆடிதான் ஞாபகத்துக்கு வரும். அவரு வழுக்கி விழுந்தா அதே ஞாபகம். பிளைட்டுல ஏத்திவிடுறப்ப நான் ஏன் அப்பிடி அழுகுறேன்னு நெனக்கிற? அந்தப் பயம் ஒனக்கு வேணாம்னுதான் தடுத்தேன் தாயி."

இருபத்தொன்பது வருடமாக ஒருத்தி ஒரு மத்தியானத்துக்காகத் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"எதாச்சும் ஆச்சா அத்தை?"

பிச்சையம்மாள் விரல்விட்டு எண்ணுகிறவள் மாதிரி யோசித்தாள். "ஒண்ணும் ஆகல" என்றாள், தனக்கே புதிதாகத் தெரிந்த மாதிரி.

பதிலுக்கு ஒரு ரகசியம் கொடுக்காமல் போவது நியாயமில்லை என்று வைஷ்ணவிக்குத் தோன்றியது. "நானும் ஒரு பொய் சொன்னேன் அத்தை. அந்தப் பன்னெண்டு நாளும் சும்மாதான் தலைக்குக் குளிச்சேன்."

"சும்மான்னா?"

"சும்மாதான். பேசிக்கிட்டு இருந்தோம்."

பிச்சையம்மாள் வாய்மேல் கைவைத்தாள். "பன்னெண்டு நாளுமா? அடிப்பாவி! நான் போட்ட சர்க்கரையெல்லாம் வீணா?" என்றவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவன் எப்ப ஏறுறான்?"

"முப்பதாந்தேதி."

பிச்சையம்மாள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வெயில்ல நிக்காத, போ" என்று மட்டும் சொன்னாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. வைஷ்ணவி ஏமாற்றத்தோடு ஆட்டோ ஏறினாள். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று கீரமங்கலம் போய்ச் சேரும்வரை மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் பன்னிரண்டரைக்குக் கேரியரோடு வந்தது மாமனார் இல்லை. பட்டுக்கரைச் சேலை, தலை நிறையப் பூ, தோளில் ஒரு கட்டைப்பை, பிச்சையம்மாள். டோக்கன் எல்லாம் எடுக்காமல் நேரே கவுண்டருக்கு வந்து கேரியரை வைத்தாள். அதன் பக்கத்தில் வீட்டுச்சாவியையும் வைத்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க அத்தை?"

"நார்த்தாமலைக்கு. ஆடி மாசம் பொம்பள தாய்வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதானே? நான் போறேன். பதினெட்டுக்குக் கயிறு மாத்திக்கிட்டு, மாசம் முடிய இருந்துட்டு வாரேன்." குனிந்து குரலைக் குறைத்தாள். "ஒங்க அம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். எங்க அண்ணனுக்கு முடியல, மாட்டப் பாக்க ஆளில்ல, வைஷ்ணவிய வீட்டுல விடுங்கன்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளை எங்கன்னு கேட்டாங்க. அவன் என்கூடத்தான் வாரான்னுட்டேன்."

"அத்தை, சித்திரையில..."

"பொறந்தா பொறக்கட்டும். மறைக்காம தேதிய ஒழுங்கா எழுதிப்புடு. ஒனக்கென்ன, நீதானே டைப் அடிக்கிறவ."

வைஷ்ணவி சாவியை எடுத்தாள். "மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவர நான் ஒண்ணும் கூப்பிடல. வீட்டுலதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு பிச்சையம்மாள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை ஐந்தரைக்கு மையத்தைப் பூட்டிவிட்டு வைஷ்ணவி வெளியே வந்தாள். சந்தோஷ்குமார் இன்னும் வரவில்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில் குழந்தைசாமி நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை, மழுமழுவென்று சவரம் செய்த முகம், கையில் ஒரு முழம் மல்லிகைப்பூப் பொட்டலம். அவளைப் பார்த்ததும் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எங்க மாமா, இந்நேரத்துக்கு?"

அவர் தொண்டையைச் செருமினார். நார்த்தாமலைப் பக்கம் போகிற பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

"ஒங்க அத்தையோட அண்ணன்கிட்ட கலப்பை ஒண்ணு கேக்கணும் தாயி" என்றார்.

அந்த வீட்டில் டிராக்டர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. வைஷ்ணவி சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து வாங்கிட்டு வாங்க மாமா" என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல."